முட்டைக்கோஸ் உப்புநீரும் இல்லாத சுரங்கமும்

தக் மல்சூனுக்கு அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரே ஒரு திட்டு. ‘மல்’ என்றால் எங்கள் கொரிய மொழியில் கடைசி. நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததும், இதோடு பெண் போதும் என்று வானத்துக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி அப்படிப் பெயர் வைத்தார்கள். வானம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஐந்தாவதும் பெண்தான். அதற்குப் பிறகும் மல்சூனுடைய பெயரை யாரும் மாற்றவில்லை.

அவள் கல்யாணமாகி வந்து சேர்ந்தது சுட்கோல் என்கிற எங்கள் நிலக்கரிப் பள்ளத்தாக்குக்கு. இங்கே காலையில் வேலைக்குப் போகிற சுரங்கத் தொழிலாளி எதிரே ஒரு பெண் குறுக்கே போனால், அவன் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம். கம்பெனிகூட அன்றைக்கு அவனைக் கேள்வி கேட்காது. காய்ச்சல் என்றால் சம்பளத்தைப் பிடிக்கும், பொம்பளை குறுக்கே வந்தாள் என்றால் தலையாட்டும். சுரங்கத்தின் கூரைக்கு எத்தனை மரத்தூண் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியவர்கள், எத்தனை பெண்கள் தெருவில் நடந்தார்கள் என்று கணக்குப் போட்ட ஊர் இது.

1979 வசந்த காலத்தில் மல்சூனின் புருஷன் கிவோன் செத்துப்போனான். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. கூரை இடிந்து அவன் மேல் விழுந்தது. எந்தக் கூரை என்பதுதான் இந்தக் கதை.

அந்தக் காலத்தில் கம்பெனி தன் நிலக்கரிப் படுகையில் ஒரு துண்டை ‘தொக்தே’ என்கிற உள்குத்தகைக்காரனிடம் விட்டுவிடும். அவன் ஆள் பிடிப்பான், எங்கே கரி தெரிகிறதோ அங்கே எலி மாதிரித் தோண்டிக்கொண்டு போவான். கரி கம்பெனிக்கு வரும். தோண்டிய வழி மட்டும் கம்பெனியின் வரைபடத்துக்கு வராது. கிவோன் அப்படி ஒரு பொந்தில்தான் வேலை பார்த்தான். அது மலைச்சரிவில் தொடங்கி, கம்பெனி கட்டிக்கொடுத்த தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அடியில் வந்திருந்தது. “நம்ம அடுப்படிக்குக் கீழதான்டி தோண்டுறேன். நீ பூண்டு தட்டுறது எனக்குக் கேக்குது, காரத்தைக் குறைச்சுப் போடு” என்று அவளைச் சீண்டுவானாம்.

அவன் செத்ததும் கம்பெனி சொன்னது: அந்த வரிசை வீடுகள் இருக்கிற சுட்கோல் சந்துக்கு அடியில் சுரங்கமே கிடையாது. சுரங்கம் இல்லையென்றால் அதில் சாவும் இல்லை. குடித்துவிட்டுப் பள்ளத்தில் உருண்டதாக எழுதினார்கள். ஊர் வேறொன்று சொன்னது: அன்றைக்குக் காலையில் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க அவள் பின்னாலேயே ஓடினாளாம், அவன் பாதையைக் குறுக்கே தாண்டினாளாம். அதாவது, பொய்யைக் கம்பெனி எழுதியது, பழியை ஊர் சுமத்தியது. போதிய தூண் வைக்காத குத்தகைக்காரன் அடுத்த மாதமே வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டான். அவனை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

இழப்பீட்டுக்குப் பதிலாக அவளுக்கு இரக்கத்தின் பேரில் கரி பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். கரியைச் சுமந்து ஓடுகிற இயந்திரப் பட்டையிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிகிற வேலை. அங்கே நின்ற பெண்கள் முக்கால்வாசிப் பேர் விதவைகள். புருஷனைத் தின்ற கம்பெனிக்கு, மிச்சமிருந்த பெண்டாட்டியும் மலிவாகக் கிடைத்தாள். போதாததற்கு, வருஷா வருஷம் நவம்பரில் அந்தப் பெண்களையே கூப்பிட்டு, கம்பெனி உணவுக்கூடத்துக்குக் குளிர்காலக் கிம்ச்சி போட வைத்தார்கள். நானூறு ஆண்களுக்கான முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து அலசிக் கொடுக்க வேண்டும். கூலி கிடையாது, ஆளுக்கு ஒரு வாளி கிம்ச்சி.

நான் அவளை அறிந்த நாளிலிருந்து அவள் கோபமாகத்தான் இருந்தாள். பேருந்து தாமதமானாலும் கோபம், வெயில் அடித்தாலும் கோபம். “அந்தச் சந்துக்குக் கீழ பொந்து இருக்கு” என்பதை அவள் முப்பது வருஷம் சொன்னாள். மாதாகோயில் வாசலிலும் சொன்னாள், முடி வெட்டுகிற கடையிலும் சொன்னாள். கடைசியில் அது அவளுக்கு ஒரு பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் ‘பொந்து அம்மா’ என்றார்கள்.

சுரங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. போகிற போக்கில் கம்பெனி அந்த வரிசை வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டது. மல்சூனும் ஒன்றை வாங்கினாள். பொந்து இருக்கிறது என்று தெரிந்தவள் ஏன் வாங்கினாள் என்று கேட்பவர்கள், வேறு போக்கிடம் இல்லாமல் இருந்து பார்த்ததில்லை.

2008 இலையுதிர் காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஒக்பூனின் ஜாடி மேடை இறங்கியது. சோயா ஜாடி, மிளகாய் விழுது ஜாடி எல்லாம் வரிசையாக வைத்திருந்த கல்மேடை ஒரு பக்கமாக முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டது. ஜாடிகள் குடிகாரர்கள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. மல்சூன் வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு.

கம்பெனிக்கு ஊரில் இன்னமும் ஒரு அலுவலகம் இருந்தது, மிச்சமிருக்கும் நிலங்களைப் பார்த்துக்கொள்ள. அதன் மேலாளர் யோம் உடனே வந்தார். வந்து என்ன செய்தார்? பூமிக்குப் பூசை போடச் சொன்னார். கம்பெனி செலவில் வேகவைத்த பன்றித்தலை, அதன் வாயில் சொருகப் பணநோட்டு, தரையில் ஊற்ற அரிசிக் கள். ஒரு துளை போட்டுப் பார்க்கக் காசில்லாத கம்பெனிக்குப் பன்றித்தலைக்குக் காசிருந்தது. சந்தே வரிசையில் நின்று கும்பிட்டது. மல்சூன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்களும் ஒரு கும்பிடு போடுங்கம்மா, மனசுக்கு ஒரு நிம்மதி” என்றார் யோம்.

“கீழ தோண்டினது பன்னியா? உங்க கம்பெனி. தோண்டினவன் தலையக் கொண்டாங்க, கும்பிடுறேன்.”

ஒக்பூன் அவள் இடுப்பில் கிள்ளினாள். “சும்மா இருடி. சாமி காரியத்துல வாயை வைக்காத.”

“உன் மிளகாய் ஜாடிய மொதல்ல சாமி தூக்கி நிறுத்தட்டும்.”

ஜாடி நிற்கவில்லை. அடுத்த மழையில் இன்னும் ஒரு சாண் இறங்கியது. அப்புறம்தான், மூடிய சுரங்கங்களால் வரும் சேதத்தைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்கு மனு போனது. அவர்கள் சொன்ன நிபந்தனை இது: முதலில் மின்சாரம் பாய்ச்சி நிலத்தைப் படம் எடுப்போம். அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் பொந்து தெரிந்தால் துளையிடுவோம். துளையில் பொந்து இருந்தால் எல்லாரையும் வெளியேற்றி வேறு வீடு கொடுத்து, பொந்தை அடைப்போம். தெரியாவிட்டால் கோப்பு மூடப்படும்.

படம் எடுக்க வந்தவள் ஹேரிம். நகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை, முப்பது வயதுக்குப் பக்கத்தில், எப்போதும் சளி பிடித்த மூக்கு. அவளும் இரண்டு ஆட்களும் சந்தின் நீளத்துக்கும் இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, எல்லாவற்றையும் ஒரே கம்பிவடத்தில் கோத்தார்கள். காய்ந்த சரளை மண்ணில் மின்சாரம் இறங்காது என்பதால் முளையின் காலில் உப்புத்தண்ணீர் விட வேண்டியிருந்தது. ஒரு முளை மல்சூனின் பூண்டுப் பாத்தியில் விழுந்தது.

“ஏ பொண்ணே! பூண்டுல உப்புத்தண்ணியா ஊத்துற? உன் வீட்டுப் பாத்தியா இது?”

“ஒரு டம்ளர்தாம்மா.”

“ஒரு டம்ளர் வெஷமும் டம்ளர்தான்!”

“பொந்து இருக்கான்னு பாக்கணுமா, பூண்டு வேணுமா? சொல்லுங்க, இந்த முளைய உருவிட்டுப் போறேன்.”

மல்சூன் அவளை முறைத்தாள். பிறகு தானே சுத்தியலை வாங்கி அந்த முளையை இன்னும் ஆழமாக அடித்தாள்.

வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு முளைகள் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பி, வேறு இரண்டு முளைகளுக்கிடையே எவ்வளவு மின்னழுத்தம் வருகிறது என்று அளக்கிறார்கள். முளைகளுக்கிடையே தூரம் கூடக் கூட, மின்சாரம் ஆழமாகச் சுற்றி வரும். ஈரமும் உப்பும் உள்ள இடம் அதைச் சுலபமாக விடும், கெட்டிப் பாறையும் காற்றும் தடுக்கும். ஆயிரம் அளவுகளைக் கணினி சேர்த்து, நிலத்தைக் கத்தியால் வகுந்த மாதிரி ஒரு படம் வரையும். தடுப்பது சிவப்பு, விடுவது நீலம். இதில் மந்திரமும் இல்லை, மண்டியிடலும் இல்லை. யார் அளந்தாலும் அதே எண்தான் வரும். கம்பெனிக்கு இதனாலேயே இது பிடிக்காது.

படத்தில், சிவந்த பாறைக்கு நடுவே, பதினாலு மீட்டர் ஆழத்தில், மல்சூன் வீட்டுக்கும் ஒக்பூன் வீட்டுக்கும் அடியில், நீலமாக ஒரு முட்டை இருந்தது. “தண்ணி நெறஞ்ச பொந்தா இருக்கலாம்” என்றாள் ஹேரிம்.

“லாம் என்னடி லாம்? இருக்கு!”

“இருக்கலாம்னுதாம்மா சொல்ல முடியும். களிமண்ணும் நீலமாத்தான் தெரியும். நான் உங்களுக்காகப் பொய் சொன்னா, நாளைக்கு அவங்களுக்காக ஒருத்தன் சொல்லுவான்.”

மல்சூன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இருந்தாலும் ஹேரிம் சொன்னதுதான் சரி.

விசாரணைக் கூட்டம் ஊர் மன்றத்தில் நடந்தது. கம்பெனி, டாக்டர் நம்குங் என்ற நிலவியல் நிபுணரைக் கூட்டி வந்தது. தங்கச் சட்டக் கண்ணாடி, மெதுவான குரல். படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இந்தச் சந்தில் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸை எங்கே ஊறப்போடுறீங்க?”

“வாசல்லதான்” என்றாள் ஒக்பூன், பெருமையாக. “போன வாரம்தான் முடிச்சோம்.”

“அந்த உப்புத்தண்ணி?”

“சந்துச் சாக்கடைல ஊத்துவோம். வேற எங்க, தலையிலயா?”

நம்குங் சிரித்தார். முப்பது நாற்பது வருஷமாக ஆறு வீட்டு உப்புநீர் அந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. உப்பு என்றால் நீலம். படத்தில் தெரிவது சுரங்கம் இல்லை, கிம்ச்சி. மேலாளர் யோம் வாய்விட்டுச் சிரித்தார். பின்வரிசையில் யாரோ, “பொந்து அம்மா கண்டுபிடிச்சது ஊறுகாப் பானை” என்றார்கள். மன்றமே சிரித்தது. அவர்கள் வீடும் அந்த மலையில்தான் இருக்கிறது என்பதை மறந்து சிரித்தார்கள். அரசு அதிகாரி பேனாவை மூடினார். ஐயம் வந்துவிட்டது, அவருக்கு அது போதும்.

மல்சூன் எழுந்தாள். அவள் கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தவும் செய்தாள்.

“டாக்டரய்யா! ஆறு வீட்டு உப்புத்தண்ணி பதினாலு மீட்டர் இறங்கும்னா, நானூறு ஆம்பளைங்களோட உப்புத்தண்ணி எவ்வளவு இறங்கும்?”

“எந்த நானூறு பேர்?”

“கம்பெனி சாப்பாட்டுக்கூடம். பன்னெண்டு வருஷம் ஓசியில கோஸ் ஊறப்போட்டவ நான், எனக்கு முன்னாடி எத்தனை பேரோ. அத்தனை தண்ணியும் பின்வாசல் முத்தத்துல ஊத்தினோம். அந்தக் கூடம்தான் இப்ப இந்த மேனேஜர் ஆபீசு, அந்த முத்தம்தான் இவர் புல்வெளி. அங்கயும் நீல முட்டை இருக்கான்னு பாருங்க! இருந்தா, நான் வாய மூடிக்கிட்டுச் சாகுறேன். இல்லன்னா, நீங்க என்ன பண்றீங்க?”

அவள் அதைப் பழிவாங்கத்தான் சொன்னாள், யோமின் புல்வெளியைக் கெடுக்க. ஆனால் ஹேரிம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். “இதுதான் வேணும்! ஒரே பாறை, ஒரே உப்பு, கீழ சுரங்கம் இல்லைன்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிற இடம். உப்பு மட்டும் என்ன படம் காட்டும்னு பாத்துடலாம்.”

நம்குங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனை பேர் எதிரில் அவர் உப்புநீர்க் கொள்கையைச் சொன்னாரோ அத்தனை பேரும் இப்போது அவரையே பார்த்தார்கள். “நியாயமான சோதனைதான்” என்றார் கடைசியில். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் முழுசாக வெறுப்பதில்லை.

யோம் வெறுத்தார். மறுநாள் காலையில் அலுவலக வாசலைப் பூட்டிவிட்டு, புல் புதிதாகப் போட்டது, முளை அடித்தால் வேர் சாகும் என்றார். சந்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், பன்றித்தலைக்குக் கும்பிட்ட ஒக்பூன் உட்பட. முதல்நாள் சிரித்தது நெஞ்சில் உறுத்தியதோ, என்னவோ. யோம் போலீசைக் கூப்பிட்டார். வந்த காவலர் ஒக்பூனின் மூத்த மகன்.

“அம்மா, நீங்க எதுக்கு இங்க?”

“உன்னைப் பத்து மாசம் சுமந்தவ கால் வலிக்க நிக்குறா. கதவைத் தொறக்கச் சொல்லு.”

“அத்துமீறி நுழையறது குத்தம்மா.”

“நம்ம வீட்டுக்கு அடியில அவன் அத்துமீறி நுழைஞ்சப்போ எங்க போயிருந்த? ராத்திரி நீ தூங்குற பாயி அந்தப் பொந்து மேலதான்டா கெடக்கு!”

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு யோமிடம் போனான். என்ன பேசினானோ தெரியாது. அரசு அதிகாரியும் தொலைபேசியில் ஏதோ சொல்ல, பூட்டு திறந்தது.

அன்றைக்கு முழுக்க மல்சூன் அந்தப் புல்லில் முளை அடித்தாள். ஹேரிமின் ஆட்களால் அவளிடமிருந்து சுத்தியலை வாங்க முடியவில்லை.

புல்வெளியின் படம் ஒருமாதிரியாக இருந்தது. உச்சியில் அடர்நீலமாக ஒரு தோல். அது கீழே போகப் போக வெளுத்து, நாலைந்து மீட்டரில் பாறை தொடங்கும் இடத்தில் மங்கி முடிந்தது. அதற்குக் கீழே ஒரே சிவப்பு. உப்பு எங்கே ஊற்றப்பட்டதோ அங்கிருந்து, மேலிருந்து கீழாக, கரைந்துகொண்டே வந்திருந்தது. சந்தின் படத்திலோ மேலே மெல்லிய நீலத் தோல், அதன் கீழே சுத்தமான சிவப்புப் பாறை, அதற்கும் கீழே தனியாக அந்த முட்டை. மேலிருந்து வந்த உப்பு, நடுவில் இருக்கிற பாறையைத் தொடாமல் தாண்டிக் குதித்தா கீழே போய் உட்காரும்?

ஹேரிம் இரண்டு படங்களையும் ஒரே சுவரில் ஒட்டினாள். நம்குங் இரண்டையும் பார்த்துவிட்டு, “துளை போடுங்க” என்றார்.

துளையிடும் இயந்திரம் மல்சூனின் பூண்டுப் பாத்தியிலேயே நின்றது. முதலில் மண், பிறகு சாம்பல்நிறப் பாறைத்தூள். பிறகு தண்டு திடீரென்று ஒரு ஆள் உயரத்துக்குத் தடையே இல்லாமல் விழுந்தது. இயக்குபவர் பயந்துபோய்க் கைப்பிடியை விட்டுவிட்டார். கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது, கூடவே, சுரங்கத் தூணுக்கு வெட்டுகிற பைன் மரத்தின் சிராய்.

மல்சூன் அந்தத் தண்ணீரில் கையை விட்டாள். முகர்ந்தாள். அழவில்லை. “முப்பது வருஷம்” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் மேலாளர் யோமை நோக்கி நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். கம்பெனி முடிய விடுமா? ஒரு வாரம் கழித்து, நம்குங்கின் அறிக்கையோடு வந்த அவர்களுடைய பதிலில், சந்துக்கு அடியில் ‘இயற்கையான வெற்றிடம்’ ஒன்று இருப்பதாகவும், சிறியது என்றும் இருந்தது. இயற்கையானது என்றால் தோண்டியவன் இல்லை, தோண்டியவன் இல்லையென்றால் செத்தவனும் இல்லை. மற்ற ஐந்து வீட்டாரும் மூட்டை கட்டிக்கொண்டு நகரக் குடியிருப்புக்குப் போனார்கள். மல்சூன் போகவில்லை. ‘இயற்கை’ என்ற சொல்லை அடித்தால்தான் கிளம்புவேன் என்று வெடித்த சுவருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஹேரிம் வந்து அவளிடம் கத்தினாள். “கீழ பொந்துன்னு நிரூபிச்சதே நீங்க உசுரோட வெளிய வரத்தாம்மா! மொதல்ல வெளிய வாங்க, அப்புறம் சண்டை போடுங்க!”

“வெளிய வந்துட்டா எவன் கேப்பான்? முப்பது வருஷமா வெளியதான நின்னு கத்தினேன்.”

“இது விழுந்தா?”

“விழுந்தா இயற்கைன்னு எழுதுவானுங்க. அதுக்கு முன்னாடி நீ எதாச்சும் பண்ணு.”

ஹேரிம் செய்தாள். துளை வழியாக ஒரு சின்னக் கேமராவை இறக்கினாள். அரசு அதிகாரியும் நம்குங்கும் திரையைப் பார்த்தார்கள். கலங்கிய தண்ணீரில் இரண்டு மரத்தூண்கள், மேலே குறுக்குக் கட்டை, அது உட்கார வாகாகக் கோடாலியால் வெட்டிய பள்ளம்.

வாசற்படியிலிருந்து மல்சூன் எட்டிப் பார்த்தாள். “இயற்கை நல்லாத்தான் தச்சு வேலை பண்ணியிருக்கு. என்ன சார், எந்தப் பட்டறையில படிச்சுதாம்?”

நம்குங் அங்கேயே நின்று தன் அறிக்கையைத் திருத்தினார்: வரைபடத்தில் சேர்க்கப்படாத பழைய நிலக்கரிச் சுரங்கம். அன்று மத்தியானமே மல்சூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு புருஷனின் சாவுக்கு இழப்பீடு கேட்டுப் போனாள். கோரிக்கைக்கான காலம் கடந்துவிட்டது என்றார்கள். மறைத்தவன் மறைத்த காலமும் அவனுக்கே சாதகமாக ஓடியிருக்கிறது. இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் எந்தச் சந்துக்கு மேலும் குடியிருந்ததில்லை.

குளிர் விட்டதும் பொந்தைச் சிமெண்ட் சாந்தால் அடைக்கத் தொடங்கினார்கள். ‘சிறியது’ என்று கம்பெனி எழுதியதை வைத்து, ஒரு பகலில் முடியும் என்றார்கள். அவர்களுடைய சுரங்கம்தான் என்று ஆகிவிட்டதால் செலவு கம்பெனியுடையது, அதனால் யோம் நேரில் வந்து நின்றார். மல்சூன் நகரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து, சந்தின் முனையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். மாலைக்குள் கொண்டுவந்த லாரிகள் எல்லாம் காலியாகிவிட்டன, துளை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் குடித்தது. ஆறு வீடுகளைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதுவரை தோண்டியிருந்தார்களோ அதுவரை குடித்தது.

மூன்றாம் நாள் யோம் லாரிக்காரரிடம் போதும், நிறுத்து என்று கையைக் காட்டினார். வாளியில் உட்கார்ந்திருந்த மல்சூன் எழுந்தாள்.

“எதுக்குய்யா நிறுத்துற? வாய் இன்னும் தொறந்துதான் கெடக்கு. ஊத்து!”

லாரிக்காரர் யோமைப் பார்த்தார், அரசு அதிகாரியைப் பார்த்தார். பிறகு குழாயை மறுபடியும் திறந்துவிட்டார்.